பேடன்ட் வக்கீல் புராணம்

அவையடக்கம்

புராணம் என்றால் முதலில் நாட்டுப்படலம், நகரப்படலம் பாட வேண்டும். நம் கதாநாயகருக்கு நாடும் கிடையாது, நகரமும் கிடையாது. கட்சிக்காரர் எங்கே இருக்கிறாரோ அதுதான் ஊர். உயிரித் தொழில்நுட்பக் காப்புரிமை வழக்கறிஞர் என்பது முழுப்பெயர். மூச்சு வாங்குவதால் இனிமேல் பேடன்ட் வக்கீல்.

ஆள் பெரும்பாலும் ஒரு காலத்தில் வெள்ளைக் கோட்டும் பிப்பெட்டுமாக ஆய்வகத்தில் நின்றவர். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துச் சட்டக் கல்லூரிக்கு ஓடியவர். அமெரிக்காவில் இவர் தன் நாளை ஆறாறு நிமிடங்களாக நறுக்கி விற்கிறார். "நல்லா இருக்கீங்களா?" என்று கட்சிக்காரர் போனில் விசாரித்தால், அதற்கும் மீட்டர் ஓடும்.

இவருடைய மூலதனம் இரண்டு வாய். ஒன்று, காப்புரிமை அலுவலகத்தில் பேசுவதற்கு: "ஐயா, உலகம் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒன்று கிடையாது." இன்னொன்று, மற்ற எல்லா இடங்களுக்கும்: "ஐயா, இதில் புதிதாக ஒன்றுமே இல்லை, பயப்படாதீர்கள்." பேச்சு இரண்டும் ஒரே பொருளைப் பற்றி, ஒரே கட்சிக்காரருக்காக. இந்த இரண்டு வாயும் வளர்ந்த கதைதான் இப்புராணம். சொற்குற்றம் இருந்தால் பொறுத்தருள்க. பொருட்குற்றம் இருந்தால் வழக்குப் போடுங்கள். யாருக்காவது பிழைப்பு நடக்கும்.

ஈஸ்ட் படலம்

வெறிநாய்க் கடிக்கு ஊசி கண்ட மகான் என்றுதான் லூயி பாஸ்டரை நமக்குப் பாடப்புத்தகம் காட்டியது. அதற்கு முன்னால் மகான் பீர் காய்ச்சும் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்ததை வாத்தியார்கள் நாசூக்காக விட்டுவிட்டார்கள்.

1871இல் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றது. பாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. துப்பாக்கி தூக்கலாம் என்றால் ஏற்கெனவே பக்கவாதம் வந்த உடம்பு. ஆகவே ஜெர்மன்காரன் எதில் பெருமைப்படுகிறானோ அதிலேயே அவனை மண்ணைக் கவ்வ வைப்பது என்று முடிவெடுத்து, கெட்டுப்போகாத பீருக்கு வழி கண்டார். அதற்குத் தேசியப் பழிவாங்கல் பீர் என்று பெயர் வைக்கவும் ஆசைப்பட்டார். சுதேசி உணர்வை நுரையோடு ஊற்றிக் கொடுத்த தேசபக்தர் அவர்.

1873 ஜூலையில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அவருக்கு 1,41,072ஆம் எண் காப்புரிமையைக் கொடுத்தது. அதில் அவர் உரிமை கோரியது நோய்க்கிருமி கலவாத ஈஸ்ட்டுக்கு, அதுவும் ஒரு தயாரிப்புப் பொருள் என்ற பெயரில். ஈஸ்ட் என்பது உயிருள்ள ஜீவன். அது மூச்சு விடும், மொட்டு விடும், குடும்பம் நடத்தும். "இது உயிராச்சே ஐயா, இதை எப்படி ஒருத்தர் பேரில் பட்டா எழுதுவது?" என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கார் ஆபீசில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காமல் விட்ட அந்த நாள்தான் நம் கதாநாயகரின் ஜென்ம நட்சத்திரம். நூறு வருஷம் கழித்து வக்கீல்கள் இந்தக் காகிதத்தைத் தூசி தட்டி எடுத்து உச்ச நீதிமன்றத்தில் ஆட்டப் போகிறார்கள்.

அட்ரினலின் படலம்

ஜோகிச்சி தகாமினே ஜப்பானியர். அப்பா வைத்தியர், அம்மா சாகே காய்ச்சும் குடும்பத்துப் பெண். மருந்தும் மதுவும் ரத்தத்திலேயே கலந்த மனிதர். ஜப்பானில் காப்புரிமை அலுவலகம் தொடங்கிய காலத்தில் அதிலேயே அதிகாரியாக இருந்தவர். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காசு இந்தப் பக்கம்தான் என்று புரிந்துகொண்டு அமெரிக்காவில் குடியேறினார்.

சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 1903இல் காப்புரிமை வந்தது. பார்க் டேவிஸ் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மல்ஃபோர்ட் என்ற போட்டிக் கம்பெனி "அட்ரின்" என்று பெயரில் பாதியை மட்டும் வெட்டிவிட்டு அதையே விற்றது. வழக்கு நியூயார்க்கில் லெர்னட் ஹேண்ட் என்ற நீதிபதியிடம் போனது. பதவிக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

மல்ஃபோர்ட் தரப்பு கேட்டது நியாயமான கேள்வி: "ஆடு மாட்டுக்கு ஆண்டவன் கொடுத்ததை இவர் எப்படிக் கண்டுபிடித்தார்?" இங்கேதான் இரண்டு வாய் முதன்முதலாகத் திறக்கிறது. மருத்துவரிடம் விற்கும்போது, இது உடம்பே சுரக்கும் பொருள், அதனால்தான் வேலை செய்கிறது. நீதிமன்றத்தில், உடம்பில் இந்தத் தூய்மையோடு இது இருந்ததே இல்லை, ஆகவே இது புதிய சரக்கு.

1911இல் ஹேண்ட் தீர்ப்பெழுதினார். வியாபாரத்திலும் வைத்தியத்திலும் இது எல்லா வகையிலும் புதுப்பொருளே; காப்புரிமை செல்லும். எழுதி முடித்துவிட்டு, கடைசியில் மனம் விட்டு ஒரு புலம்பல் புலம்பினார். வேதியியலின் அரிச்சுவடிகூடத் தெரியாத ஒரு மனிதன் இப்படிப்பட்ட விஷயங்களில் தீர்ப்புச் சொல்ல முடிகிற நிலைமை விபரீதமானது, ஜெர்மனியில் விஷயம் தெரிந்த ஆட்களைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். பேடன்ட் வக்கீல்கள் இதைப் படித்துக் கண்ணீர் விட்டார்கள். ஆனந்தக் கண்ணீர். விஷயம் தெரியாதவருக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். ஒரு தொழில் பிறந்துவிட்டது.

ரோஜாப் படலம்

1930இல் அமெரிக்கா செடிகளுக்கென்றே ஒரு காப்புரிமைச் சட்டம் போட்டது. லூதர் பர்பாங்க் என்ற ஒட்டுச்செடி மன்னர் இதற்காகப் புலம்பிப் புலம்பியே 1926இல் காலமாகிவிட்டார். தாமஸ் எடிசன் சிபாரிசு செய்தார். பல்புக்குக் கிடைத்தது பலாவுக்கும் கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

முதல் காப்புரிமை 1931இல் ஒரு ரோஜாவுக்குப் போனது. பர்பாங்குக்கும் செத்த பிறகு 16 காப்புரிமைகள் கொடுத்தார்கள். நம் ஊர் விருதுகளின் சாயல் அங்கேயும் உண்டு. ஆனால் உருளைக்கிழங்கு போன்ற சில கிழங்குகளுக்கு மட்டும் கிடையாது என்று சட்டமே சொன்னது. நட்டால் விதை, வேகவைத்தால் சாப்பாடு. எது விதை, எது பொரியல் என்று யார் போய்ப் பார்ப்பது? வயிற்றில் போனதற்கு ராயல்டி கேட்க முடியாது என்ற தெளிவு அந்தக் காலத்துச் சட்டமன்றத்துக்கு இருந்தது.

சக்கரவர்த்திப் படலம்

ஆனந்த மோகன் சக்கரவர்த்தி மேற்கு வங்கத்துச் சைந்தியாவில் பிறந்தவர். கல்கத்தாவில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்கா போய், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பல்பும் ரயில் எஞ்சினும் செய்கிற கம்பெனியில் பாக்டீரியாக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கச்சா எண்ணெயைத் தின்று செரிக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவை அவர் உருவாக்கினார். நாலு பாக்டீரியா தனித்தனியே தின்பதை ஒரே பாக்டீரியாவின் வயிற்றில் திணித்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

1972 ஜூனில் கம்பெனி விண்ணப்பம் போட்டது. உரிமைக் கோரிக்கைகள் மட்டும் 36. பரிசோதகர் படித்துவிட்டுச் சொன்ன பதில் அரசு அலுவலகங்களின் பொற்காலத்தைச் சேர்ந்தது. பாக்டீரியாவைச் செய்யும் முறைக்கு உரிமை தருகிறேன். மிதக்கும் வைக்கோலில் பாக்டீரியாவைத் தடவிக் கடலில் விட்டால், அந்த வைக்கோலும் பாக்டீரியாவும் சேர்ந்ததற்கும் உரிமை தருகிறேன். பாக்டீரியாவுக்கு மட்டும் தர மாட்டேன், அது உயிர். அதாவது வைக்கோல் மேல் ஏறி உட்கார்ந்தால் அது சரக்கு. கீழே இறங்கிவிட்டால் அது ஜீவாத்மா.

வழக்கு மேல்முறையீடு, திரும்ப அனுப்புதல், மறுபடி மேல்முறையீடு என்று எட்டு வருஷம் இழுத்தது. 1980 மார்ச்சில் உச்ச நீதிமன்ற வாதம். எதிர்ப்பாளர்கள் சார்பில் ஒரு மனு, மரபணுவை நோண்டினால் உலகம் என்ன ஆகும் என்று பட்டியல் போட்டது. ஜெனன்டெக் என்ற குட்டிக் கம்பெனி, உரிமை தராவிட்டால் தொழிலே படுத்துவிடும் என்று தன் பங்குக்கு ஒரு மனு போட்டது. ஜூன் 16ஆம் தேதி 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: உயிருள்ளதா, உயிரற்றதா என்பது கேள்வியே இல்லை, இயற்கை செய்ததா, மனிதன் செய்ததா என்பதுதான் கேள்வி. இது சக்கரவர்த்தி செய்தது. அடிக்குறிப்பில் பாஸ்டரின் ஈஸ்ட்டும் ஆஜர். ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் இந்தப் புராணம் இங்கேயே மங்களம் பாடியிருக்கும்.

நாலே மாதத்தில், 1980 அக்டோபர் 14 அன்று, ஜெனன்டெக் பங்குச் சந்தைக்கு வந்தது. 35 டாலருக்கு விற்ற பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88 டாலரைத் தொட்டது. அப்போது அந்தக் கம்பெனிக்குக் கடையில் விற்க ஒரு மருந்துகூடக் கிடையாது. விற்பதற்கு ஒன்றும் இல்லாத கம்பெனிக்கு விலை போட முடிந்ததென்றால், அந்த விலை எதற்கு? வக்கீல் எழுதிய காகிதத்துக்கு. சக்கரவர்த்தியின் பாக்டீரியாவோ கடைசிவரை ஒரு கடல் விபத்திலும் வியாபாரமாக எண்ணெய் குடிக்கவில்லை. சட்டத்தை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

சாண்ட்விச் படலம்

1972இல் ஹொனலூலுவில் ஒரு கருத்தரங்கு. ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் என்ற இரு விஞ்ஞானிகள் வைகிகி பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடையில் சாண்ட்விச் தின்றபடி பேசினார்கள். உன்னிடம் வெட்டும் நொதி இருக்கிறது, என்னிடம் நகலெடுக்கும் பிளாஸ்மிட் இருக்கிறது, சேர்த்தால் என்ன? சேர்த்தார்கள். மரபணுவை ஓர் உயிரிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டி வளர்க்கும் வித்தை பிறந்தது. 1973 நவம்பரில் கட்டுரையாகவும் போட்டுவிட்டார்கள்.

காப்புரிமை என்ற பேச்சே அவர்கள் வாயில் வரவில்லை. 1974 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் உரிமங்களைக் கவனித்துக்கொண்டிருந்த நீல்ஸ் ரைமர்ஸ், கோஹன் வீட்டுக் கதவைத் தட்டாத குறை. கோஹன் தயங்கினார். பல பேருடைய பல வருஷ ஆராய்ச்சியின் மேல் ஏறி நின்று, இது எங்கள் இருவருடையது என்று எப்படிச் சொல்வது? நல்ல மனசு. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி, பிரசுரமான ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் நல்ல மனசு மட்டும்தான் மிஞ்சும்.

விண்ணப்பத்தை எழுதியவர் பெர்ட்ரம் ரோலண்ட். வேதியியலில் முனைவர், பிறகு வக்கீல். நம் கதாநாயகர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டுமென்றால் இவரைக் காட்டலாம். 1974 நவம்பர் 4 அன்று, கெடு முடிய ஒரே வாரம் இருக்கும்போது, தாக்கல் செய்தார். வெளிநாடுகளில் பல இடங்களில் அப்படி ஒரு வருஷ அவகாசமே கிடையாது. கட்டுரை அச்சான அன்றே கதை முடிந்தது. ஆகவே உலகம் முழுவதிலிருந்தும் வந்திருக்க வேண்டிய வசூல் அமெரிக்காவோடு நின்றது.

நின்றதே எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 10,000 டாலர் கட்டினால் உரிமம் என்று சல்லிசாக விலை வைத்தார்கள். வழக்குப் போடும் வக்கீலுக்கு இதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்த கம்பெனிகள் வரிசையில் நின்று பணம் கட்டின. மொத்தம் 468 உரிமங்கள். 1997இல் காலாவதியாகும்வரை வந்தது சுமார் 25 கோடியே 50 லட்சம் டாலர். கட்டுரையில் கூட எழுதியவர்கள் சிலருடைய பெயர் காப்புரிமையில் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் டீ வாங்கி வந்தவர் பெயரைக்கூடப் போடலாம். காப்புரிமையில் அந்தத் தாராளத்துக்கு இடமில்லை. அங்கே பெயருக்குப் பின்னால் பங்கு வருகிறது.

மண்ணீரல் படலம்

ஜான் மூர் என்பவருக்கு அபூர்வமான ரத்தப் புற்றுநோய். 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மருத்துவமனையில் மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வருஷம், சோதனைக்கு வாருங்கள் என்று சியாட்டிலிலிருந்து வரவழைத்து ரத்தமும் மஜ்ஜையும் எடுத்தபடியே இருந்தார்கள். டாக்டருக்கு நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவர் நெகிழ்ந்திருக்கக்கூடும். அக்கறை அவர் மேல் இல்லை, அவருடைய செல் மேல். அவர் மண்ணீரலிலிருந்து வளர்த்த செல் வரிசைக்கு 1984இல் காப்புரிமையே வந்துவிட்டது. செல்லம் கொஞ்சி "மோ" என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

மூர் வக்கீலைப் பிடித்தார். எதிர்த்தரப்பு வக்கீல்களின் வாய் இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்ததை இந்த வழக்கில் பார்க்கலாம். காப்புரிமை அலுவலகத்தில்: இந்த செல் வரிசை தனித்துவமானது, விலைமதிப்பற்றது. மூரிடம்: வெட்டி எடுத்த மண்ணீரல் உம்முடையது என்று யார் சொன்னது? 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், டாக்டர் தன் ஆதாயத்தை நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும், அது தப்பு என்றது. ஆனால் செல்லில் மூருக்குச் சொத்துரிமை இல்லை. செல் வரிசை வேறு, மூரின் செல் வேறு என்றும் சொன்னது. ஆக, மூரின் மண்ணீரலில் மூரைத் தவிர மற்ற எல்லாருக்கும் பாத்தியதை உண்டு.

எலிப் படலம்

ஹார்வர்டில் ஓர் எலி செய்தார்கள். சீக்கிரமே புற்றுநோய் வரும்படி மரபணு திணித்த எலி; ஆராய்ச்சிக்கு வசதி. 1988 ஏப்ரலில் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது.

இங்கே வக்கீலின் கைவண்ணத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆய்வகக் கூண்டில் இருந்தது எலி. விஞ்ஞானியைக் கேட்டால், எலி செய்தேன் என்பார். வக்கீல் உட்கார்ந்து எழுதிய முதல் உரிமைக் கோரிக்கை, மரபணு மாற்றப்பட்ட "மனிதனல்லாத பாலூட்டி" என்கிறது. எலி பாலூட்டிதானே? ஆமாம். அப்படியானால் யானையும் பாலூட்டி. திமிங்கலமும் பாலூட்டி. கூண்டில் இருப்பது கட்டைவிரல் அளவு. காகிதத்தில் இருப்பது ஆப்பிரிக்கக் காடும் அட்லாண்டிக் கடலும். மனிதனை விட்டுவைத்தது தாராள மனசால் அல்ல. அதைக் கேட்டிருந்தால் மொத்த விண்ணப்பமும் குப்பைக்குப் போயிருக்கும்.

கனடா முறைத்தது. 2002இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், எலி போன்ற உயர்ந்த உயிர் காப்புரிமைக்கு உட்பட்டதல்ல என்றது. எலியை உயர்ந்த உயிர் என்று சட்டபூர்வமாக ஒப்புக்கொண்டதற்காகப் பிள்ளையார் சார்பில் நன்றி சொல்ல வேண்டும். இரண்டே வருஷத்தில், 2004இல், மான்சான்டோவின் கனோலாச் செடி அதே நீதிமன்றத்துக்கு வந்தது. செடி முழுவதற்கும் உரிமை கிடையாதுதான். ஆனால் செடிக்குள் இருக்கும் மரபணுவுக்கும் செல்லுக்கும் உரிமை உண்டு. அதைக் கொண்ட செடியைப் பயிரிட்டால் அத்துமீறல். இதுவும் 5க்கு 4. வீடு உன்னுடையதுதான், செங்கல் மட்டும் என்னுடையது. எடுத்துக்கொண்டு கிளம்பலாமா என்று கேட்பது இதுதான்.

தக்காளிப் படலம்

தக்காளிக்கு நீதிமன்றம் புதிதல்ல. 1893லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறி, சுங்க வரிக்காகத் தன்னைக் காய்கறி என்று அறிவிக்கச் செய்துகொண்ட பழம் அது. நூறு வருஷம் கழித்து மறுபடி வந்தது, இந்த முறை அலுவலகங்களின் வாசலுக்கு.

கால்ஜீன் என்ற கலிஃபோர்னியாக் கம்பெனி, சீக்கிரம் குழைந்துபோகாத தக்காளியைச் செய்தது. பழத்தை மென்மையாக்கும் மரபணுவையே தலைகீழாகத் திருப்பி உள்ளே வைத்து, அதன் வாயை அடைத்த வேலை. காப்புரிமை அலுவலகத்தில், இயற்கையில் இல்லாதது, எவருக்கும் தோன்றாதது என்று 1989இல் காகிதம் வாங்கியாயிற்று. பிறகு அதே கம்பெனி உணவு, மருந்து நிர்வாகத்தின் படியேறியது. அங்கே பேச்சு வேறு: இது தக்காளி ஐயா, மற்றத் தக்காளி மாதிரி. 1994 மே மாதம் அந்த நிர்வாகமும், சாதாரண முறையில் வளர்த்த தக்காளி அளவுக்குப் பாதுகாப்பானதே என்று தலையாட்டியது.

இதில் பொய் ஏதும் இல்லை என்பதுதான் விசேஷம். இரண்டும் உண்மை. எந்த உண்மையை எந்தக் கவுன்டரில் நீட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் ஆறு நிமிடத்துக்கு ஒரு பில். தக்காளியை மட்டும் யாரும் அவ்வளவாக வாங்கவில்லை. சில வருஷத்தில் கடையை விட்டே காணாமல் போனது.

மஞ்சள் படலம்

1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. விஷயம்: மஞ்சள் பொடி போட்டால் புண் ஆறும். கண்டறிந்தவர்கள் இருவரும் இந்திய வம்சாவளியினர். ஆக, அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பார்.

"இது என் பாட்டிக்கே தெரியுமே" என்று இந்தியா முழுவதும் கொதித்தது. அன்றைய அமெரிக்கச் சட்டம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டது: பாட்டி எந்த ஊர்? அமெரிக்கப் பாட்டி என்றால் அவருக்குத் தெரிந்திருந்ததே போதும், காப்புரிமை காலி. வெளிநாட்டுப் பாட்டி என்றால் அவர் அதை அச்சில் போட்டிருக்க வேண்டும். நம் பாட்டிகள் மஞ்சளை அரைத்துப் பூசினார்களே தவிர, பிரசுரிக்கவில்லை.

அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்த மஷேல்கர் விடவில்லை. 1996இல் ஆட்சேபம் தாக்கலானது. சமஸ்கிருதம், உருது, இந்தி என்று தேடி 32 ஆதாரங்கள் வைத்தார்கள். அதில் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் சேர்த்தி. 1997இல் காப்புரிமை ரத்தானது. வேம்பின் மேல் கொடுத்த காப்புரிமைக்கு எதிராக ஐரோப்பாவில் நடந்த போராட்டம் இன்னும் நீளம்: 2000த்தில் ரத்து, மேல்முறையீடு 2005இல் தள்ளுபடி.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். மதராஸ் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கைதான் 1970 சட்டத்துக்கு அஸ்திவாரம். மருந்துக்கும் உணவுக்கும் பொருள் உரிமை கிடையாது. செய்முறைக்கு மட்டும்தான் என்று ஒரே போடாகப் போட்டார்கள். நாட்டில் மருந்து மலிந்தது. பேடன்ட் வக்கீல் மெலிந்தார். 2005 திருத்தம் வந்த பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது. நடுவில் 2002இல் ஒரு கோழி கைகொடுத்தது. கோழி நோய்க்கான தடுப்பூசி ஒன்றின் செய்முறையைக் காப்புரிமை அலுவலகம், முடிவில் வருவது உயிருள்ள பொருள் என்று சொல்லி நிராகரித்திருந்தது. சட்டத்தில் அப்படி ஒரு தடையும் இல்லையே என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் கேட்டது. வைக்கோல் பரிசோதகரின் ஆவி முப்பது வருஷம் கழித்துக் கல்கத்தாவில் அடங்கியது.

அறியாமைப் படலம்

2013 இந்தத் தொழிலின் திருவிழா வருஷம். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், காப்புரிமை முகவராக வழக்கறிஞர்களும் தேர்வெழுதிப் பாஸாக வேண்டும் என்று ஆக்கிய 2005 திருத்தம் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தவரும் ஒரு வழக்கறிஞர்தான். பரீட்சை வேண்டாம் என்று வாதாடிப் பாஸான வழக்கு அது.

ஏப்ரலில் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மிரியாட் வழக்கின் வாதம். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் காட்டும் இரண்டு மரபணுக்களுக்கு மிரியாட் கம்பெனி உரிமை வைத்திருந்தது. சோதனைக் கட்டணம் 3,000 டாலருக்கு மேல். கம்பெனி வக்கீலின் முதல் வாய்: உடம்பிலிருந்து பிரித்தெடுத்த மரபணு, உடம்பில் இருப்பதல்ல, அது புதிது. கம்பெனியின் விளம்பர வாய்: சோதித்துப் பாருங்கள், உங்கள் உடம்பில் இருப்பதை அப்படியே சொல்கிறோம்.

நீதிபதிகள் மரபணுவைப் பிடிக்க முடியாமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்தார்கள். ஒருவர் அமேசான் காட்டுச் செடியின் இலையைக் கொண்டுவந்தார். இன்னொருவர் உப்பு, மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்து சாக்லேட் பிஸ்கட் சுட்டார். வக்கீல் மரத்திலிருந்து பேஸ்பால் மட்டையைச் செதுக்கினார். ஜூன் 13ஆம் தேதி 9க்கு 0 என்று தீர்ப்பு: பிரித்தெடுத்த இயற்கை மரபணுவுக்கு உரிமை இல்லை, ஆய்வகத்தில் நகலெடுத்துச் செய்த வடிவத்துக்கு உண்டு. நீதிபதி ஸ்காலியா ஒத்துப்போனார். ஆனால் தீர்ப்பில் உள்ள மூலக்கூறு உயிரியல் விவரங்களுக்கு மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். அவை சரியா என்று தன் அறிவைக் கொண்டோ, ஏன், தன் நம்பிக்கையைக் கொண்டோகூடச் சொல்ல முடியவில்லையாம். லெர்னட் ஹேண்ட் புலம்பி 102 வருஷம் ஆகியிருந்தது. இடையில் மனிதன் நிலவுக்குப் போய்வந்துவிட்டான். வேதியியல் மட்டும் பெஞ்சுக்கு ஏறவில்லை.

கத்தரிப் படலம்

கிரிஸ்பர் என்பது மரபணுவை நினைத்த இடத்தில் வெட்டும் கத்தரி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் டௌட்னாவும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்த எமானுவேல் ஷார்பான்ட்டியேவும் 2012 மே மாதம் விண்ணப்பித்தார்கள். பாஸ்டனுக்கு அருகே பிராட் நிறுவனத்தின் ஃபெங் ஜாங் தரப்பு டிசம்பரில் விண்ணப்பித்தது. ஆனால் விரைவுப் பரிசீலனைக்கு 70 டாலர் கூடுதலாகக் கட்டியது. 2014 ஏப்ரலில் காப்புரிமை பின்னால் வந்தவருக்குக் கிடைத்தது. தட்காலின் மகிமை தெரியாதவர்கள் கண்டுபிடிப்பில் இறங்கவே கூடாது.

அடுத்து சண்டை. சோதனைக் குழாயில் வெட்டுவது எங்கள் சாதனை, மனித செல்லில் வெட்டுவது அதிலிருந்து எவனுக்கும் தோன்றும் என்றது கலிஃபோர்னியா. தோன்றவே தோன்றாது என்றது பிராட். ஆதாரம்? செல்லுக்குள் வேலை செய்யுமா என்று கவலையாக இருந்தது, திண்டாடினோம் என்று டௌட்னாவே வெளிப்படையாகச் சொல்லியிருந்தவை. விஞ்ஞானியின் அடக்கத்தை எடுத்து அவர் கழுத்துக்கே வைத்தார்கள். அடக்கம் வேண்டும் என்ற வள்ளுவர் பேடன்ட் விண்ணப்பம் எழுதியவரல்லர்.

பிராட்டுக்கும் ஐரோப்பாவில் அடி விழுந்தது. முதல் விண்ணப்பத்தில் இருந்த ஒரு விஞ்ஞானியின் பெயர் பிந்தைய விண்ணப்பத்தில் இல்லை. அந்த ஒரு பெயருக்காக முந்தைய தேதி பறிபோய், 2018இல் காப்புரிமை ரத்து. 2020இல் நோபல் பரிசு டௌட்னாவுக்கும் ஷார்பான்ட்டியேவுக்கும். 2022இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் வாரியம் பிராட் பக்கம். 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பியது. கத்தரி வெட்டுவதைவிட வழக்குத்தான் நீளமாக வெட்டுகிறது.

நூற்பயன்

இப்புராணத்தைப் படித்தோர் அடையும் பலன் வருமாறு. விஞ்ஞானிக்கு நோபல் கிடைக்கும். கம்பெனிக்குப் பங்கு விலை ஏறும். நோயாளிக்கு பில் வரும். வக்கீலுக்கு, கட்சிக்காரர் ஜெயித்தாலும் தோற்றாலும் கட்டணம் வரும்.

சாதாரண வாசகருக்கு ஒரு சின்னப் பலன் உண்டு. நாளைக்கு ஒரு மருந்தையோ விதையையோ காட்டி, உலகில் இதற்கு முன் இல்லாதது என்று யாராவது சொன்னால் வாயைப் பிளக்க வேண்டாம். அதே ஆள் அதே சரக்கை, இது பழசுதான், ஊர் உலகத்தில் உள்ளதுதான் என்று எந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும், கையெழுத்தோடும், கட்டணம் கட்டிய ரசீதோடும்.